புற்றுநோய் பரவும் பாதை: ஓர் இயந்திரவியல் மாணவனின் பார்வை

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பட்டயப் படிப்பு)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது நான் டீசல் என்ஜின் பற்றியோ ரோபோ பற்றியோ எழுதுவேன் என்றுதான் வகுப்பில் எல்லோரும் நினைத்தார்கள். புற்றுநோய் பற்றி எழுதப் போகிறேன் என்றதும், "மெக்கானிக்கல் பையனுக்கு இதுல என்னடா வேலை?" என்று சிரித்தார்கள். வேலை இருக்கிறது நண்பர்களே! நம் எஸ்.எம். லேபிலும், ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் புத்தகத்திலும், ஃபவுண்டரி ஷாப்பிலும் நாம் படித்ததை வைத்தே இந்த நோயை ஆராய்கிறார்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அத்தை கேட்ட கேள்வி

எங்கள் ஊர் மேலூர்ப் பக்கம். பெரியாறு வாய்க்கால் பாசனம். அப்பா மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான்தான் முதல் ஆள். அதனால் பேங்க் ஃபாரமாக இருந்தாலும், ஆஸ்பத்திரிச் சீட்டாக இருந்தாலும், "தம்பிகிட்ட குடு, அவன் படிச்சவன்" என்று என்னிடம் வந்துவிடும்.

அப்பாவின் கூடப் பிறந்த அத்தைக்கு மார்பில் ஒரு கட்டி வந்தது. எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. சொன்ன பிறகும் ஆஸ்பத்திரிக்கு வர மறுத்தார். "கத்தி வச்சா பரவிரும். தொடாம விட்டா அது பாட்டுக்கு இருக்கும்" என்று தெருவில் நாலு பேர் சொன்னதுதான் காரணம். எப்படியோ சம்மதிக்க வைத்து மதுரைக்குக் கூட்டி வந்தோம். ஆபரேஷன் முடிந்தது, மருந்தும் ஏற்றினார்கள், நன்றாகத்தான் இருந்தார். இரண்டு வருஷம் கழித்து முதுகு வலி என்றார். நாற்று நட்ட வலி என்று நினைத்தோம். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், முதுகெலும்பில் அதே நோய்.

அன்று சாயங்காலம் அத்தை என்னைப் பார்த்துக் கேட்டார்: "மருமகனே, நெஞ்சுல இருந்தத எடுத்துட்டாங்கள்ல? அப்புறம் எப்படிடா அது முதுகுக்குப் போச்சு? கத்தி பட்டதாலயா? நீ படிச்சவன்தான, சொல்லு."

எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றிலிருந்து தேட ஆரம்பித்தேன்.

விதையா, மண்ணா, வாய்க்காலா?

இந்தக் கேள்வி அத்தைக்கு மட்டும் வந்ததல்ல. 1889-ஆம் ஆண்டிலேயே லண்டன் டாக்டர் ஸ்டீஃபன் பேஜட் இதைக் கேட்டிருக்கிறார். மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் குறிப்புகளை எடுத்துப் பார்த்தார். நோய் கண்ட இடத்துக்கெல்லாம் பரவவில்லை, சில உறுப்புகளையே அதிகம் தேடிப் போயிருந்தது. ஆகவே அவர் சொன்னார்: புற்றுநோய்ச் செல் விதை மாதிரி, உறுப்பு மண் மாதிரி. விதை எல்லா இடத்திலும் விழலாம், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும்.

1928-இல் அமெரிக்க டாக்டர் ஜேம்ஸ் யூயிங் வேறு விதமாகச் சொன்னார். மண் எல்லாம் இரண்டாவது, ரத்தம் எந்தக் குழாய் வழியாக எங்கே ஓடுகிறது என்பதுதான் முக்கியம் என்றார். அதாவது வாய்க்கால்தான் காரணம்!

இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. "வாய்க்கால் தண்ணியோட களை விதையும்தான் வருது. எல்லா வயலுக்கும் ஒரே தண்ணிதான், ஆனா எல்லா வயல்லயும் ஒரே களையா முளைக்குது? தண்ணி தேங்குற மூலையில ஒண்ணு, மேட்டுல ஒண்ணு" என்றார். இரண்டு டாக்டர்கள் சொன்னதையும் அப்பா ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். இன்றைய விஞ்ஞானிகளும் இரண்டும் சேர்ந்ததுதான் என்கிறார்கள்.

பயணத்தின் ஐந்து கட்டங்கள்

ஒரு புற்றுநோய்ச் செல் கட்டியிலிருந்து இன்னோர் உறுப்புக்குப் போக ஐந்து கட்டங்களைத் தாண்ட வேண்டும்.

1. கட்டியிலிருந்து பிரிந்து, சுற்றியுள்ள நார்ச் சதையைத் துளைத்துக்கொண்டு நகர வேண்டும்.
2. ரத்தக் குழாயின் சுவரில் இடைவெளி கண்டுபிடித்து உள்ளே நுழைய வேண்டும். (நிணநீர்க் குழாய் வழியாகவும் போகும்.)
3. ரத்த ஓட்டத்தின் உராய்விலும், உடம்பின் எதிர்ப்புச் சக்தியிலும் சாகாமல் தப்பிக்க வேண்டும்.
4. எங்காவது குறுகிய தந்துகியில் சிக்கி, சுவரைத் தாண்டி வெளியே வர வேண்டும்.
5. புது இடத்தில் பிழைத்து, பெருக வேண்டும்.

இது சுலபமில்லை. 1970-இல் ஐசையா ஃபிட்லர் என்ற விஞ்ஞானி, அடையாளம் வைத்த புற்றுநோய்ச் செல்களை எலிகளின் ரத்தத்தில் செலுத்திப் பார்த்தார். 24 மணி நேரத்தில் ஆயிரத்தில் ஒன்றுகூட உயிரோடு மிஞ்சவில்லை. புதுக் கட்டியானது பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. ஆனால் அந்த ஒன்று போதுமே! புற்றுநோயால் இறப்பவர்களில் பெரும்பாலோர் முதல் கட்டியால் இறப்பதில்லை, இப்படிப் பரவியதால்தான் இறக்கிறார்கள்.

கண்ணால் பார்ப்பது எப்படி?

ரத்தத்தில் இந்தச் செல்கள் ஓடுவது புதுச் செய்தி இல்லை. 1869-லேயே ஆஸ்திரேலியாவில் ஆஷ்வொர்த் என்ற டாக்டர், இறந்த ஒரு நோயாளியின் ரத்தத்தில், கட்டியில் இருந்தது போன்ற செல்களையே மைக்ரோஸ்கோப்பில் கண்டார். ஆனால் அந்தச் செல் குழாய்ச் சுவரைத் துளைக்கிற நேரத்தில் அதைப் பார்ப்பது எப்படி? மனிதனைத் திறந்து வைத்துப் பார்க்க முடியாது. எலியின் உடம்புக்குள் பார்ப்பது கடினம், எலி மனிதனும் அல்ல. கண்ணாடித் தட்டில் செல்லை வளர்க்கலாம், ஆனால் அது தேங்கிய குட்டை மாதிரி. அங்கே ஓட்டமும் இல்லை, குழாயும் இல்லை, நெருக்கமும் இல்லை.

இதற்கு வந்த வழிதான் மைக்ரோஃப்ளூயிடிக் சிப். கம்ப்யூட்டர் சிப் என்று நினைத்துவிடாதீர்கள், இதில் கரண்ட் ஓடவேண்டியதில்லை. ஒரு கண்ணாடித் துண்டின் மேல் ஒட்டிய, ரப்பர் போன்ற ஒளி புகும் சிலிக்கோன் கட்டி. அதற்குள் தலைமுடி பருமனிலும் அதைவிடச் சன்னமாகவும் வாய்க்கால்கள். நம் தலைமுடி ஏறத்தாழ 70 மைக்ரான், ரத்தச் சிவப்பணு 7, 8 மைக்ரான். புற்றுநோய்ச் செல் பெரும்பாலும் 10 முதல் 20 மைக்ரான் இருக்கும், உடம்பின் தந்துகிக் குழாயோ 5 முதல் 10 மைக்ரான்தான். கணக்கைப் பாருங்கள்: குழாயைவிடச் செல் பெரிசு! அப்படியானால் அது எப்படி உள்ளே போகிறது? இங்கேதான் நம் சப்ஜெக்ட் ஆரம்பிக்கிறது.

ஃபவுண்டரி ஷாப்பில் ஒரு சிப்

முதலில் இதைச் செய்வது எப்படி என்று பார்ப்போம். ஃபவுண்டரியில் நாம் என்ன செய்கிறோம்? மரத்தில் பேட்டர்ன், மணலில் மோல்டு, பிறகு உருக்கிய உலோகம். இங்கேயும் அதேதான், அளவு மட்டும் ஆயிரம் மடங்கு சின்னது.

வாய்க்கால் படத்தை ஆட்டோகேடில் வரைந்து ஃபிலிமில் பிரிண்ட் எடுக்கிறார்கள். வட்டமான சிலிக்கான் தகட்டின் மேல், ஒளி பட்டால் இறுகும் பிசினை மெல்லிய படலமாகச் சுழற்றிப் பூசுகிறார்கள். ஃபிலிமை மேலே வைத்துப் புற ஊதா ஒளியைப் பாய்ச்சினால், ஒளி பட்ட கோடுகள் மட்டும் இறுகிவிடும், மற்றதைக் கழுவிவிடலாம். வாய்க்கால் எங்கே வேண்டுமோ அங்கே வரப்பு மாதிரி மேடு நிற்கும். இதுதான் பேட்டர்ன். பிறகு பி.டி.எம்.எஸ். என்ற சிலிக்கோன் திரவத்தையும் இறுக்கும் திரவத்தையும் 10-க்கு 1 என்று கலந்து, வேக்குவத்தில் வைத்துக் காற்றுக் குமிழியை எடுத்து, மேலே ஊற்றி, அடுப்பில் சூடேற்றுகிறார்கள். குமிழி இருந்தால் காஸ்டிங்கில் ப்ளோ ஹோல் விழுவது போலவே இதுவும் வேஸ்ட்! இறுகியதும் உரித்து, துளை போட்டு, ஆக்ஸிஜன் பிளாஸ்மா காட்டிக் கண்ணாடியில் ஒட்டினால் சிப் தயார். 1990-களில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் வொய்ட்சைட்ஸ் குழு இந்த முறையைப் பிரபலமாக்கியது. அதற்குப் பிறகு பெரிய எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரி இல்லாத ஆய்வகங்களும் சிப் செய்ய ஆரம்பித்தன.

இரண்டு மார்க் கேள்விகள்

ரெனால்ட்ஸ் எண் ஞாபகம் இருக்கிறதா? திசைவேகம் பெருக்கல் விட்டம், வகுத்தல் கைனமாட்டிக் விஸ்காசிட்டி. குழாயில் 2000-க்குக் கீழே இருந்தால் சீரோட்டம் என்று எழுதி இரண்டு மார்க் வாங்கியிருப்போம். சிப்புக்குப் போட்டுப் பார்ப்போம். வாய்க்கால் அகலம் 100 மைக்ரான், தண்ணீர் விநாடிக்கு 1 மில்லிமீட்டர் ஓடுகிறது.

0.001 × 0.0001 ÷ 0.000001 = 0.1

2000 எங்கே, 0.1 எங்கே! இவ்வளவு சின்ன வாய்க்காலில் சுழலே கிடையாது. இரண்டு திரவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் விட்டால், இரண்டு மாட்டுவண்டிகள் போல அதனதன் தடத்தில் போகும். ஓரத்தில் மெதுவாக ஊறிக் கலப்பதைத் தவிர வேறு கலப்பு இல்லை. ஆகவே ஒரு பக்கம் மருந்து, இன்னொரு பக்கம் வெறும் நீர் என்று விட்டு, செல் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்கலாம்.

இன்னொன்று பாய்சூலி விதி. குழாயின் ஆரம் பாதியானால், அதே அழுத்தத்தில் ஓட்டம் பதினாறில் ஒன்றாகிவிடும். இந்த விதியைக் கண்டுபிடித்த பாய்சூலி எஞ்சினியர் இல்லை நண்பர்களே, பிரெஞ்சு நாட்டு டாக்டர்! ரத்தம் நுண்குழாயில் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் சன்னமான கண்ணாடிக் குழாய்களில் சோதனை செய்தார். ஒரு டாக்டர் நமக்குப் பாடம் கொடுத்திருக்கிறார். நாம் திருப்பிக் கொடுக்க வேண்டாமா?

சென்னையில் ஒரு குட்டி யு.டி.எம்.

திருப்பிக் கொடுக்கும் வேலை நம் சென்னையிலேயே நடந்திருக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸில் இயந்திரவியல் துறைப் பேராசிரியர் ஆசிஷ் குமார் சென், அபிஷேக் ராஜ், உயிரியல் துறையைச் சேர்ந்த மதுலிகா தீட்சித், முகேஷ் டோப்ளே ஆகியோர் 2017-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எங்கள் எஸ்.எம். லேப் சார் அதன் சுருக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்து, வரி வரியாகப் புரிய வைத்தார்.

யு.டி.எம். மெஷினில் இரும்புக் கம்பியை இழுத்து யங் மாடுலஸ் கண்டுபிடிக்கிறோம் அல்லவா? அவர்கள் உயிருள்ள செல்லுக்கு யங் மாடுலஸ் கண்டுபிடித்தார்கள்! ஒரு சிப்பில் பல குறுகல்களைப் பக்கம் பக்கமாக அமைத்தார்கள். ஒன்றில் அடைத்துக்கொண்டாலும் மற்றவை வழியாக ஓட்டம் போகும், வயலுக்குப் பல மடை வைப்பது போல. செல்களை அதற்குள் ஓட விட்டு, அதிவேகக் கேமராவில் படம் எடுத்தார்கள். குறுகலுக்குள் செல் எவ்வளவு நீள்கிறது, எவ்வளவு வேகமாகக் கடக்கிறது என்ற இரண்டையும் வைத்து மாடுலஸைக் கணக்கிட்டார்கள்.

விடையைப் பாருங்கள். சாதாரண மார்பகச் செல் வகை ஒன்றுக்கு சுமார் 360 பாஸ்கல். வேகமாகப் பரவும் மார்பகப் புற்றுநோய்ச் செல் வகை ஒன்றுக்கு சுமார் 182 பாஸ்கல். ஏறக்குறைய பாதி! நம் மைல்டு ஸ்டீலுக்கு 20,000 கோடி பாஸ்கல், அதாவது இந்தச் செல்லைவிட நூறு கோடி மடங்குக்கு மேல் விறைப்பு. குழாயைவிடப் பெரிய செல் எப்படி உள்ளே போகிறது என்பதற்கு இதில் ஒரு பதில் இருக்கிறது: அது மெத்தென்று இருக்கிறது, அதனால் நசுங்கிப் புகுந்துவிடுகிறது.

ஆனால் "புற்றுநோய் என்றாலே மெத்தென்று இருக்கும்" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அதே ஆய்வில், கருப்பை வாய்ப் புற்றுநோயிலிருந்து வந்த ஹீலா செல்லுக்கு சுமார் 763 பாஸ்கல் வந்திருக்கிறது. ஒரே உறுப்பின் செல்களைத்தான் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். தாமிரத்தையும் வார்ப்பிரும்பையும் ஒப்பிட்டு எது கெட்டுப்போனது என்று சொல்ல முடியுமா?

சித்திரைத் திருவிழாக் கூட்டம்

புற்றுநோய்ச் செல்கள் தனியாக மட்டும் போவதில்லை, சில சமயம் கொத்தாகவும் போகும். கொத்து அபூர்வம்தான், ஆனால் ஆபத்து அதிகம். 2014-இல் வந்த ஓர் ஆய்வு, எலிகளில் ஒரு கொத்துக்குப் புதுக் கட்டி உண்டாக்கும் திறன் ஒற்றைச் செல்லைவிட 23 முதல் 50 மடங்கு என்று கண்டது. இவ்வளவு பெரிய கொத்து தந்துகிக்குள் போகவே முடியாது, முன்னாலேயே அடைத்து நின்றுவிடும் என்றுதான் பலர் நம்பினார்கள்.

2016-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சாம் ஆவ், மெஹ்மத் டோனர் குழுவினர் 5 முதல் 10 மைக்ரான் குறுகல் உள்ள சிப்பில் இதைச் சோதித்தார்கள். 20 செல் வரை உள்ள கொத்துகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் கடந்து போய்விட்டன! எப்படி? சித்திரைத் திருவிழாவில் மாசி வீதிச் சந்துக்குள் புகும் குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர் கூட்டமாக வருவார்கள். சந்து வந்ததும் கையை விடாமல் ஒருவர் பின் ஒருவராக வரிசையாகிவிடுவார்கள், அந்தப் பக்கம் போனதும் மறுபடி கூட்டம். செல்களும் அப்படியேதான் செய்தன. சிப் இருந்ததால் இதைக் கண்ணால் பார்க்க முடிந்தது.

சிப்பைப் பிடிக்கவும் பயன்படுத்தலாம். 2007-இல் இதே டோனரும் சுனிதா நாக்ராத்தும் மற்றவர்களும் 78,000 நுண்தூண்கள் நட்ட ஒரு சிப் செய்தார்கள். தூண்களில் புற்றுநோய்ச் செல்லோடு ஒட்டும் பொருளைப் பூசி, நோயாளிகளின் ரத்தத்தை மெதுவாக ஓட விட்டார்கள். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் சுமார் 500 கோடி சிவப்பணுக்கள். அதற்குள் கிடக்கும் சில புற்றுநோய்ச் செல்களை, 116 மாதிரிகளில் 115-இல் பிடித்துக் காட்டினார்கள்.

ஏன் எலும்பு?

இப்போது அத்தையின் கேள்விக்கு வருகிறேன். உடம்பில் எத்தனையோ இடம் இருக்க, ஏன் முதுகெலும்பு?

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ரோஜர் காம் என்ற பேராசிரியர் இதை ஆராய்ந்தார். அவரும் அடிப்படையில் நம்மைப் போல இயந்திரவியல்காரர்தான். அவரும் ஜெஸ்ஸி ஜியோன் முதலிய சக விஞ்ஞானிகளும் 2015-இல் செய்த சிப்பில் கூழ் போன்ற பொருளுக்குள் மனித ரத்தக் குழாய்ச் செல்களை விதைத்தார்கள். அவை தாமாகவே கிளை விட்டு, உண்மையான நுண்குழாய் வலையாக வளர்ந்தன. ஒரு சிப்பில் குழாய்களைச் சுற்றி எலும்பை உண்டாக்கும் செல்களை வைத்தார்கள், இன்னொன்றில் தசைச் செல்களை. இரண்டிலும் ஒரே மார்பகப் புற்றுநோய்ச் செல்லை ஓட விட்டார்கள்.

எலும்பு போன்ற சிப்பில் பாதிக்கு மேற்பட்ட செல்கள் குழாயை விட்டு வெளியே வந்தன. தசை போன்ற சிப்பில் பத்தில் ஒன்றுக்கும் குறைவு. தண்ணீர் ஒன்று, விதை ஒன்று, வாய்க்கால் ஒன்று. மாறியது மண் மட்டும். 1889-இல் பேஜட் பேப்பரில் எழுதியதை 126 வருஷம் கழித்து ஒரு சிப் கண் முன்னால் காட்டியது.

சிப்பால் முடியாதது

எல்லாம் சிப்பே செய்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. சிப் ஒரு மாடல்தான். பட்டறையில் செய்த அணைக்கட்டு மாடல் வைகை ஆகிவிடாது. முழு உடம்பின் எதிர்ப்புச் சக்தியும் ஹார்மோனும் வயதும் அதில் கிடையாது. சிலிக்கோன் சில மருந்துகளை ஸ்பாஞ்ச் மாதிரி உறிஞ்சிக்கொள்ளும், அதனால் அளவு தப்பாகிவிடும். நோயைக் குணப்படுத்துவது மருந்தும் மருத்துவரும்தான். ஆனாலும் மருந்துச் சோதனைக்குச் சிப் உதவும் என்று அரசாங்கங்களே ஏற்கத் தொடங்கிவிட்டன. இந்தியாவிலும் 2023-இல் புதிய மருந்துகள் விதிகளில் திருத்தம் வந்து, விலங்குச் சோதனைக்குப் பதிலாக இத்தகைய முறைகளையும் பயன்படுத்த வழி பிறந்திருக்கிறது.

சிப் செய்ய ஆட்டோகேட் வரைபவர் வேண்டும், மோல்டு ஊற்றுபவர் வேண்டும், பம்ப் ஓட்டுபவர் வேண்டும், ஓட்டத்தைக் கணக்கிடுபவர் வேண்டும். டிப்ளமோதானே என்று நம்மை நாமே தாழ்த்திக்கொள்ள வேண்டாம்.

அத்தைக்குச் சொன்ன பதில்

இவ்வளவும் படித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டுக்குப் போனேன். ரெனால்ட்ஸ், பாஸ்கல் எல்லாம் சொல்லவில்லை. வாய்க்கால், களை விதை, மண் என்றுதான் சொன்னேன். "கட்டி சும்மா இருக்கிற மாதிரி தெரியும் அத்தை. ஆனா உள்ளுக்குள்ள விதை தானா வாய்க்கால்ல இறங்கிக்கிட்டு இருக்கும். அது போறதுக்குக் கத்தி வேண்டியதில்ல. எத்தன நாள் விடுறோமோ அத்தன நாள் மடை திறந்து கிடக்குன்னு அர்த்தம்."

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அந்த எட்டு மாசம்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். எனக்கு ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது. எப்போது இறங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது, ஆபரேஷனுக்கு முன்னால் மருத்துவருக்கே தெரியாமல் போயிருக்கலாம் என்று சொன்னேன். அதுவும் உண்மைதான்.

அத்தை எழுந்து போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தார். டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "கீழ வீட்டுப் பொண்ணு கட்டி இருக்குன்னு மூணு மாசமா சொல்லிக்கிட்டு இருக்கா. அவளும் கத்தின்னா பயப்படுறா. நீ வந்து எனக்குச் சொன்ன மாதிரியே அவளுக்கும் சொல்லு. நாளைக்கு நானே கூட்டிட்டுப் போறேன்."

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் இருவரும் பாலரெங்காபுரம் அரசு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போனார்கள். பரிசோதித்ததில் அந்த அக்காவுக்கு அது சாதாரணக் கட்டி என்று வந்தது. அத்தைக்கு வைத்தியம் தொடர்ந்து நடக்கிறது. முதுகு வலிக்கு ரேடியேஷன் கொடுத்த பிறகு தானாக எழுந்து நடக்கிறார்.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டுக்கு முதல் படிப்பாளிகள். நம் வீட்டிலும் தெருவிலும் "நீ படிச்சவன்தான, சொல்லு" என்று ஒருவர் கேட்கத்தான் போகிறார். கட்டி என்றால் நாள் கடத்தாமல் காட்டச் சொல்லுங்கள், கத்தியால் பரவும் என்பது தவறு என்று சொல்லுங்கள். ஏன் என்று கேட்டால் வாய்க்கால் கதையைச் சொல்லுங்கள். இரண்டு மார்க் கேள்விதானே என்று தள்ளிவிட்ட பாடத்தை இன்று இரவு ஒரு தடவை திருப்பிப் பாருங்கள்.